வண்டி பிடித்துப் போன விளம்பரங்கள்

எண்பதுகளில் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தின் டிராஃபிக் பிரிவில் வேலை பார்த்தேன். விளம்பரப் படம் எடுத்தவர்களைப் பற்றியும் அவற்றுக்கு இசையமைத்தவர்களைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. எடுத்த படம் ஊர் ஊராக ஒளிபரப்பு நிலையங்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அந்த வேலையைச் செய்தவர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களும் கேட்டால்தான் சொல்வார்கள். ஞாபகம் தெளிவாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் தூர்தர்ஷனில் விளம்பரங்கள் வந்தன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வண்ணமும் வந்துவிட்டது, தேசிய ஒளிபரப்பும் வந்துவிட்டது. இரவு 8.40 மணி இந்திச் செய்தி தொடங்கினால் டெல்லி காட்டுவதுதான் நாடு முழுவதும் தெரியும். அதற்கு முந்தைய மாலை நேரத்தில் ஒவ்வொரு நிலையமும் தன் மொழியில் தன் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும். விளம்பரமும் இதே கோட்டில் இரண்டாகப் பிரிந்தது. தேசிய ஒளிபரப்பு என்றால் டேப் டெல்லிக்குப் போகும், அங்கே கொடுத்தால் போதும். 1987இல் ராமாயணம் தொடங்கி ஞாயிறு காலையில் தெருக்கள் வெறிச்சோடியபோது அதையொட்டி வந்த விளம்பரங்களில் எங்களுக்கு ஒரு கடிதத்துக்குக்கூட வேலை இருக்கவில்லை. எல்லாம் பம்பாய் அலுவலகமும் டெல்லி அலுவலகமும் பார்த்துக்கொண்டன.

மாநில மொழி ஒளிபரப்பு அப்படியில்லை. ஹைதராபாத் நிலையம் 1977இலும் பெங்களூர் நிலையம் 1981இலும் தொடங்கியிருந்தன. திருவனந்தபுரத்திலிருந்து மலையாள ஒளிபரப்பு 1985இல் ஆரம்பமானது. சென்னையோடு சேர்த்து இந்த நான்கு ஊர்களுக்கும் தனித்தனி டேப், தனித்தனி ஆர்.ஓ. எந்தப் பொருளின் விளம்பரம், எத்தனை விநாடி, எந்த நாள், எந்த நிகழ்ச்சிக்கு முன் என்று எழுதி நிலையத்துக்கு அனுப்பும் ரிலீஸ் ஆர்டரைத்தான் ஆர்.ஓ. என்போம். பத்து விநாடிதான் அலகு. பத்து, இருபது, முப்பது என்றுதான் நேரம் வாங்க முடியும். ஆர்.ஓ. போய்ச் சேர்ந்து டேப் வராவிட்டால் அந்த நேரத்தில் வேறு யாருடைய விளம்பரமாவது ஓடும். டேப் போய் ஆர்.ஓ. வராவிட்டால் அது அலமாரியில் கிடக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்த்துவைப்பதுதான் என் வேலை.

இந்த வேலை சென்னையில் இவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணம் கோடம்பாக்கம். பம்பாயில் எடுத்த படம் மாஸ்டராக எங்களிடம் வரும். கூடவே பேச்சு இல்லாமல் இசையும் சத்தங்களும் மட்டும் உள்ள தனி ஒலித்தடம் வரும். அதன் மேல் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கையும் இங்கேயே ஏற்றினோம். நான்கு மொழிப் படவுலகமும் பல ஆண்டுகள் சென்னையில் குடியிருந்ததால் நான்கு மொழிக் குரல்களும் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஆட்டோ கூப்பிடும் தூரத்தில் கிடைத்தன. ஹைதராபாத்தில் ஒளிபரப்பாகும் தெலுங்கு விளம்பரத்தின் குரல் பெரும்பாலும் வடபழனிக் குரல்தான். காலையில் ஒரு படத்தில் கதாநாயகியின் தோழிக்குப் பேசிய அம்மா, மதியம் வந்து குளியல் சோப்புக்கு இருபது விநாடி பேசிவிட்டுப் போவார். இசையும் அப்படித்தான். 1992இல் ‘ரோஜா’ வெளிவருவதற்கு முன் ஏ.ஆர். ரஹ்மான் விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்ததை இன்று எல்லோரும் அறிவார்கள். அந்தக் காலத்தில் அந்த இசை வந்து சேர்ந்த டேப்பின் முதுகில் இசையமைப்பாளர் பெயர் இருக்காது. பொருள், மொழி, விநாடி, தேதி, அவ்வளவுதான்.

டேப் என்று நான் சொல்வது யூ-மேட்டிக். முக்கால் அங்குல நாடா, ஒரு தடித்த புத்தகம் அளவு கேசட். அதன் தொடக்கத்தில் வண்ணப் பட்டைகள், சீரான ஒரே சுருதியில் ஒரு ஒலி. நிலையத்தின் பொறியாளர் இவற்றைப் பார்த்துத்தான் நிறத்தையும் ஒலியளவையும் சரிசெய்வார். அடுத்தது ஸ்லேட். அதில் வாடிக்கையாளர், பொருள், மொழி, நேர அளவு, எங்கள் நிறுவனத்தின் பெயர். பிறகு எண்கள் இறங்கிவந்து, கொஞ்சம் இருட்டு, அதன் பின்தான் விளம்பரம். முப்பது விநாடிப் படத்துக்காக அதைவிட நீளமான முன்னுரை. கேசட்டின் அடிப்பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் அதன் மேல் யாரும் வேறெதையும் பதிவுசெய்ய முடியாது. அனுப்புவதற்கு முன் பொத்தானைப் பிடுங்கி ஒரு டப்பாவில் போடுவோம். அந்த டப்பா என் மேசையில் எப்போதும் நிறைந்திருந்தது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய. யூ-மேட்டிக்கில் லோ பேண்ட், ஹை பேண்ட் என்று இரண்டு உண்டு. வெளியே பார்த்தால் கேசட் ஒன்றுபோலவே இருக்கும். லோ பேண்டில் பதிந்ததை ஹை பேண்ட் இயந்திரத்தில் ஓட்டினால் படம் வரும், நிறம் வராது. மஞ்சள் கிரீமுக்கும் பட்டுப் புடவைக்கும் நிறம் இல்லாவிட்டால் விளம்பரமே இல்லை. அதனால் ஒவ்வொரு கேசட்டின் மேலும் எது என்று பெரிதாக எழுதி ஒட்டினோம். இன்னொன்று வேகம். சினிமாவுக்கென்று எடுத்த படம் விநாடிக்கு 24 சட்டங்கள். நம் தொலைக்காட்சிக்கு 25. முப்பது விநாடிப் படத்தில் 720 சட்டங்கள். அதை அப்படியே தொலைக்காட்சிக்கு மாற்றினால் 28.8 விநாடியில் முடிந்துவிடும், குரலும் ஒரு நூல் மேலே ஏறிவிடும். சிலருக்குத் தெரியாது. பாடத் தெரிந்தவர்களுக்கு உடனே தெரியும். எங்கள் ஒலிப்பதிவுக்கூடத்தில் இருந்த ஒரு பெரியவர் சினிமாப் பிரதியையும் டேப்பையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, “இது நம்ம பாட்டு இல்லேம்மா” என்று தள்ளிவைத்துவிடுவார். அவருக்காகவே சில படங்களை மறுபடி மாற்றியிருக்கிறோம். அவர் சொன்னது சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

பிரதி எடுக்க எடுக்கப் படம் மங்கும் என்பது அந்த நாடாவின் குணம். மாஸ்டரிலிருந்து மொழி மாஸ்டர், அதிலிருந்து நிலையத்துக்குப் போகும் பிரதி. இதற்கு மேல் ஒரு படி இறங்கினாலும் சிவப்பு கசிய ஆரம்பிக்கும், எழுத்துகளின் ஓரம் கரையும். அவசரத்தில் ஒரு பிரதியிலிருந்தே இன்னொரு பிரதி எடுத்துக்கொடுக்கும் கூடங்கள் இருந்தன. ஆகவே நான் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து எந்த டேப் எந்த இயந்திரத்தில் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். தமிழ் பார்ப்பவருக்குப் போகும் படம் பம்பாயில் இந்தி பார்ப்பவருக்குப் போவதைவிட ஒரு படி மங்கலாக இருக்கக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் இருந்தது.

பிறகு பயணம். பெங்களூருக்குக் காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ். ஹைதராபாத்துக்குச் சார்மினார். திருவனந்தபுரத்துக்கு மெயில். மூன்றும் சென்ட்ரலிலிருந்து. நேரம் இருந்தால் பார்சல், இல்லாவிட்டால் தெரிந்தவர் கையில். எங்கள் அலுவலகத்தில் யாருடைய உறவினர் எந்த ஊருக்குப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. கல்யாணத்துக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், மாற்றலாகிப் போகிறவர் என்று எல்லோர் பையிலும் ஒரு கேசட் இருக்கும். இறங்கும் ஊரில் எங்கள் கிளை அலுவலகத்து ஆள் பிளாட்பாரத்தில் பெட்டி எண்ணை வைத்துத் தேடி வாங்கிக்கொள்வார். முன்பின் தெரியாதவர்கள்கூட உதவினார்கள். ஒருமுறை வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னலோரம் இருந்த ஒரு ஆசிரியரிடம் கொடுத்தோம். “டிவியில வர்றதா? கொடுங்கம்மா, மடியிலயே வெச்சுக்கிறேன்” என்றார். வைத்துக்கொண்டுதான் போனார் என்று வாங்கிக்கொண்டவர் ட்ரங்க் கால் போட்டுச் சொன்னார்.

கொண்டுபோகிறவருக்கு நான் சொல்லும் எச்சரிக்கைகள் எளிமையானவை. ஒலிபெருக்கிப் பெட்டி மேல் வைக்காதீர்கள், டிவி மேல் வைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். காந்தம்தான் நாடாவுக்கு எமன். விமான நிலையத்து எக்ஸ்-ரேயைப் பார்த்துப் பயந்தவர்கள் அதிகம். அது நாடாவை ஒன்றும் செய்வதில்லை.

சென்னை நிலையத்துக்கு நானே போவேன். சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலை. விளம்பரப் பிரிவில் டேப்பைக் கொடுத்தால் அவர்கள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்பார்கள். சிகரெட், மது கிடையவே கிடையாது. மற்றவற்றிலும் மிகைப்படுத்திய வாக்குறுதி, குழந்தையை ஆபத்தான இடத்தில் காட்டுவது, போட்டிப் பொருளை இழிவுபடுத்துவது எதையும் விடமாட்டார்கள். இந்தச் சரிபார்ப்பை அன்றைக்கு எங்கள் தொழிலில் பலர் தொல்லையாகப் பேசினார்கள். நான் அப்படி நினைத்ததில்லை. அரசாங்க அலுவலகத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த அந்த அதிகாரிகள், வீட்டுக் கூடத்தில் மூன்று தலைமுறையும் சேர்ந்து பார்க்கும் ஒரு பெட்டிக்கு எதை அனுப்பலாம் என்று ஒவ்வொரு டேப்பாகப் பார்த்தார்கள். ஏற்றுக்கொண்ட டேப்புக்கு ஓர் எண் விழும், நிலைய நூலகத்தில் ஏறும். அன்றன்றைய நிகழ்ச்சிப் பட்டியலின்படி விளம்பரங்கள் வரிசைப்படுத்தப்படும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் படம், இந்த இரண்டையும் ஒட்டிய நேரத்துக்குத்தான் எல்லோரும் முட்டிமோதினார்கள்.

ஒளிபரப்பானதா என்பதற்கு நிலையம் பிறகு சான்றிதழ் தரும். அது வரும்வரை வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். ஆகவே எங்கள் வீட்டில் அம்மா பார்த்தாள். ரூல் போட்ட நோட்டில் நேரம், பொருள், முழுதாக ஓடியதா, நடுவில் கோடு விழுந்ததா என்று எழுதிவைப்பாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அவளுடைய நோட்டுக்கும் நிலையத்தின் சான்றிதழுக்கும் வேறுபாடு வந்தபோது வாடிக்கையாளர்கள் அவளுடைய நோட்டைத்தான் கேட்டார்கள். ஒரு தடவை பெங்களூருக்குப் போயிருக்க வேண்டிய கன்னட டேப்பை வெளியூர்க் கூடம் ஒன்று தமிழ் அட்டையில் போட்டு அனுப்பிவிட, சென்னையில் மாலைச் செய்திக்கு முன் கன்னடம் பேசியது. அம்மா நேரத்தோடு எழுதிவிட்டு, பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டாள். மறுநாள் இரண்டாவது முறை ஓடுவதற்குள் சரியான டேப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

சென்னை நிலையத்தில் ஓடினால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும் என்று இன்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். பல ஆண்டுகள் அப்படியில்லை. 1983இல் விண்ணுக்குப் போன இன்சாட்-1பி வழியாக மாவட்டங்களில் நிறுவிய சிறு கோபுரங்கள் டெல்லியைத்தான் வாங்கிக் கொடுத்தன. மதுரையிலும் கோவையிலும் டிவி வாங்கியவர்கள் மாலை முழுவதும் இந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராமநாதபுரக் கடலோரத்தில் ஆன்டெனாவைத் தெற்கே திருப்பிவைத்து, 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சென்னையின் சோப்பைவிடக் கொழும்பின் பிஸ்கட் நன்றாகத் தெரிந்திருந்தது. மதுரைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் தன் விளம்பரத்தைத் தன் ஊரில் பார்க்க முடியாமல், குடும்பத்தோடு சென்னைக்கு வந்து மாம்பலத்தில் உறவினர் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். இருபது விநாடி. அவருடைய அப்பா கைகூப்பிக்கொண்டு பார்த்தார் என்று சொன்னார்கள். கொடைக்கானல் கோபுரம் சென்னையின் நிகழ்ச்சிகளைத் தென்மாவட்டங்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் டேப்புக்கு உண்மையான பரப்பு கிடைத்தது.

டேப் போய்விட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். காலமானார். பொங்கல் விளம்பரங்கள் வரிசையில் நின்ற நேரம். துக்க நாட்களில் விளம்பரம் கிடையாது. அவை நின்றதில் யாருக்கும் வருத்தமில்லை, எங்கள் அலுவலகத்திலேயே பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். ஆனால் தேதி போட்ட சலுகை விளம்பரங்கள் காலாவதியாகின. கடைசிச் சட்டத்தில் இருந்த எழுத்தை மட்டும் மாற்றிப் புதுப் பிரதிகள் எடுத்து நிலையத்தில் பழையவற்றைத் திரும்ப வாங்கினோம். எண் பார்த்து, கையெழுத்துப் போட்டு, ஒவ்வொன்றாக.

தொலைக்காட்சி பெரிதாவதற்கு முன்னரே இந்தியாவில் விளம்பரப் படங்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவர்கள் இருந்தார்கள். சினிமாக் கொட்டகைகளுக்கு 35 மில்லிமீட்டர் பிரதிகளை அனுப்பிய பிளேஸ் நிறுவனம் அவர்களில் பெரியது. முப்பது விநாடி என்றால் 45 அடி ஃபிலிம். அந்த நிறுவனம்தான் 1974இல் ஷியாம் பெனகலின் ‘அங்கூர்’ படத்துக்குப் பணம் போட்டது. விளம்பரப் பிரதிகளைக் கொட்டகை கொட்டகையாக விநியோகித்துச் சேர்த்த காசு நம் நாட்டின் ஒரு நல்ல படத்துக்குப் போயிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கும்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜீ டிவி. தனியார் அலைவரிசைகள் இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு அனுப்ப அனுமதி இல்லாத காலம் அது. நிகழ்ச்சியையும் விளம்பரத்தையும் ஒரே டேப்பில் கோத்து விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து மேலே ஏற்றி, அது மறுபடி நம் கூரை மேல் இறங்கியது. சென்னையில் எடுத்த விளம்பரம் கடல் தாண்டிப் போய்விட்டுத்தான் சென்னையில் தெரியும். கோத்து அனுப்பிய பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. இன்னொரு பக்கம் கேபிள்காரர்கள். தெருவுக்குத் தெரு ஒருவர், ஒவ்வொருவருக்கும் ஒரு வி.ஹெச்.எஸ். கேசட். ஊர் ஜவுளிக் கடைகளின் விளம்பரங்களைச் சைக்கிளில் எடுத்துப் போய்க் கொடுத்தார்கள். பெரிய நிறுவனங்கள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. தீபாவளிக் கூட்டத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது அந்தச் சைக்கிள்தான் என்று கடைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பிறகு பீட்டாகேம், அதன் பிறகு டிஜிட்டல் பீட்டா, அப்புறம் கோப்பாகவே அனுப்பும் காலம். அவற்றைப் பற்றிச் சொல்ல மற்றவர்கள் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த யூ-மேட்டிக் கேசட்டுகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை, விலை அதிகம். விளம்பர ஓட்டம் முடிந்ததும் நிலையத்திலிருந்து திரும்ப வாங்கி, துளையில் சிவப்புப் பொத்தானை மறுபடி செருகி, பழையதை அழித்து, அடுத்த விளம்பரத்தை ஏற்றினோம். எல்லா நிறுவனங்களும் அப்படித்தான் செய்தன. பம்பாயில் மூல ஃபிலிம் இருந்ததால் இந்தி விளம்பரங்கள் பல பிழைத்துக்கொண்டன. தமிழ்க் குரல் இருந்தது அந்த டேப்பில் மட்டும்தான். டேப் அழிந்தபோது குரலும் போயிற்று. தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் இதே கதி. எண்பதுகளின் விளம்பரங்களை நினைத்துப் பேசும் நிகழ்ச்சிகளில் இன்று தமிழர்களும் இந்திப் பிரதியைப் பார்த்துவிட்டு, தமிழை வாயால் பாடிக்காட்டுகிறார்கள். ஏனென்றால் காட்டுவதற்குத் தமிழ் இல்லை.

சில பிழைத்திருக்கின்றன. குரல் கொடுத்தவர்கள் வீட்டில், மூடிவிட்ட ஒலிப்பதிவுக்கூடங்களின் பரணில், கடை முதலாளிகளின் இரும்புப் பெட்டியில். என்னிடம் இருந்தவற்றை இயந்திரம் வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்றியாயிற்று. ஒரு காபி விளம்பரம் முழுதாக வந்தது, ஒரு பற்பொடி பாதி வந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கேசட் கிடைத்தால் ஆர்வத்தில் பழைய இயந்திரத்தில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் மூடியைத் தூக்கி நாடாவின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இயந்திரத்தின் தலையில் அப்பிக்கொள்ளும், நாடாவும் கிழியும். சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். மேலே ஒட்டிய சீட்டைக் கிழிக்காதீர்கள். மொழி, விநாடி, தேதி மூன்றும் அதில்தான் இருக்கும். அடிப்பக்கம் சிவப்புப் பொத்தான் இருந்தால் முதல் வேலையாக அதைப் பிடுங்கிவிடுங்கள்.